நாலாவது கதிரை

போன வருஷம் இலையுதிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், என் ஒன்பது வயது மகன் விளையாட்டின் நடுவில் மேசையை விட்டு எழும்பிப் போனான். அழவில்லை, கத்தவில்லை. கையிலிருந்த சீட்டுகளை மெதுவாகக் கவிழ்த்து வைத்தான். "அம்மா, எனக்கும் சேர்த்து நீங்களே விளையாடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டான்.

நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தது கட்டான். உங்களில் பலருடைய வீட்டிலும் அந்தப் பெட்டி இருக்கும். ஒரு தீவு, அதில் காடு, வயல், செம்மறி மேயும் புல்வெளி. ஒவ்வொரு நிலத்திலும் ஓர் எண். இரண்டு தாயக்கட்டையை உருட்ட, விழுகிற எண்ணுக்குரிய நிலத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவருக்கு விளைச்சல் கிடைக்கும். மகன் தன் முதல் வீட்டைக் கடலோரம், 12 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தான். அவன் பிறந்தது 12-ஆம் தேதி.

"அங்க வைக்காதை அப்பன்" என்றேன். "12 விழ 36-இல ஒரு வழிதான் இருக்கு. 6, 8 எண்டா ஐந்து வழி." வீட்டை எடுத்து 8-க்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டாவது வீட்டையும் நான்தான் இடம் மாற்றினேன். பிறகு அவன் அப்பாவுக்கு ஒரு கோதுமையைக் கொடுத்து இரண்டு செம்மறி வாங்கப் பார்த்தான். செம்மறி அவனுக்கு ஏற்கனவே நிறைய இருந்தது. "உனக்கு ஏன் இன்னும் செம்மறி?" என்று அதையும் நிறுத்தினேன்.

அவன் எழும்பிப் போன நேரத்தில் அவனிடம் எட்டுப் புள்ளி இருந்தது. பத்து எடுத்தால் வெற்றி. "வெல்லுற நேரத்தில ஏன் போறான்?" என்று கணவரிடம் கேட்டேன். அவர் பலகையைப் பார்த்தபடியே சொன்னார்: "அவனெங்க வெல்லுறான்? ரெண்டு பக்கமும் நீதானே விளையாடுறாய்."

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜேர்மனிக்கு வந்தவள் நான். இங்கேதான் படித்தேன், கணினியியலில் முதுகலை முடித்தேன், இப்போது மென்பொருள் எழுதுகிறேன். என் வீட்டு வரவேற்பறைச் சுவரில் மற்ற வீடுகளில் குடும்பப் படம் தொங்குகிற இடத்தில் போர்ட் கேம் பெட்டிகள் இருக்கின்றன. கடைசியாக எண்ணியபோது 130-ஐத் தாண்டிவிட்டது. அதில் ஒன்று பத்துக் கிலோவுக்குக் கிட்ட வரும். சீட்டுகள் அழுக்காகாமல் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன். "எங்கட பெடியனுக்குக்கூட இத்தனை சட்டை இல்லை" என்பது கணவரின் நிரந்தரப் பகிடி. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை இரவும் வேலைத்தலத்து நண்பர்கள் நாலு பேருடன் விளையாடுவேன். புதிய விளையாட்டு என்றால், அவர்கள் வருவதற்கு முன்பே விதிப் புத்தகத்தை இரண்டு தரம் படித்து முடித்திருப்பேன்.

இந்தப் பைத்தியத்துக்கு ஏற்ற நாட்டில்தான் வாழ்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் எசன் நகரம். அங்கே ஒவ்வோர் ஒக்டோபரிலும் நாலு நாள் விளையாட்டுக் கண்காட்சி நடக்கும். 1983-இல் விளையாட்டுப் பிரியர்களின் சிறிய சந்திப்பாகத் தொடங்கியது. 2024-இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். கட்டானை உருவாக்கிய கிளாவ்ஸ் டொய்பரும் இந்த நாட்டுக்காரர்தான். பல் தொழில்நுட்பராக வேலை பார்த்துக்கொண்டே, வீட்டு நிலவறையில் விளையாட்டுகளை உருவாக்கித் தன் குடும்பத்தோடு விளையாடிப் பார்ப்பாராம். 1995-இல் கட்டான் வந்தது. அந்த வருஷத்தின் சிறந்த விளையாட்டு என்ற பரிசும் அதற்குத்தான் கிடைத்தது.

அந்தப் பரிசைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷ்பீல் டெஸ் யாரெஸ், 'வருஷத்தின் விளையாட்டு' என்று பெயர். 1979-இலிருந்து கொடுக்கிறார்கள். கடையில் பெட்டியின் மேல் சிவப்புக் காய் படம் இருந்தால், அது குடும்பமாக இருந்து விளையாடலாம் என்று நடுவர்கள் தெரிந்தெடுத்தது. 2001-இல் சிறுவர்களுக்கென்று தனிப் பரிசு வந்தது, அதற்கு நீலக் காய். 2011-இல் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது: கென்னர்ஷ்பீல். கென்னர் என்றால் விஷயம் தெரிந்தவர். ஏற்கனவே நிறைய விளையாடியவர்களுக்கு, இன்னும் கொஞ்சம் சிக்கலாக வேண்டும் என்பவர்களுக்கு என்று தனிப் பரிசு. அதற்குக் கரும்சாம்பல் நிறக் காய். சும்மா பொழுதுபோக்காக விளையாடுகிறவரும் விளையாட்டில் மூழ்கிப்போனவரும் ஒருவரல்ல என்பதை இந்த நாடு நிறம் பிரித்தே வைத்திருக்கிறது.

நான் கரும்சாம்பல் கட்சி. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. மறைக்க மாட்டேன்.

இரண்டு கூட்டத்தையும் பிரித்தறிவது லேசு. சும்மா விளையாட வருகிறவர் முதலில் கேட்பது, "எவ்வளவு நேரம் போகும்?" எங்களைப் போன்றவர் கேட்பது, "இது மூன்று பேருக்கு நல்லதா, நாலு பேருக்கா?" அவர்கள் விளையாடும்போது வேலைக்கதை, ஊர்க்கதை எல்லாம் கதைப்பார்கள். எங்களுக்கு யாராவது இடையில் கதைத்தால் கணக்குப் பிழைத்துப்போகும். விளையாட்டு முடிந்தால் அவர்கள் பெட்டியை மூடிவிட்டு அடுத்த தேத்தண்ணிக்குப் போவார்கள். நாங்கள் அரை மணி நேரம் இருந்து, மூன்றாவது சுற்றில் அந்தக் காயை அங்கே வைக்காமல் இங்கே வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஆராய்வோம். உண்மையைச் சொன்னால் அந்த அரை மணி நேரம்தான் எனக்கு விளையாட்டை விடப் பிடிக்கும்.

இதில் ஒரு பிழையும் இல்லை. பிழை வருவது, இரண்டு கூட்டமும் ஒரே மேசையில் இருக்கும்போது, இருப்பது ஒரே மேசை என்று நாங்கள் நினைக்கிறபோதுதான்.

ஒருமுறை கணவரின் நண்பர் குடும்பம் இரவுச் சாப்பாட்டுக்கு வந்தது. இடியப்பமும் சொதியும் முடிந்த கையோடு நான் ஒரு பெரிய பெட்டியை இறக்கினேன். விதிகளை விளங்கப்படுத்தவே முக்கால் மணி நேரம் போனது. அந்த அக்கா கொட்டாவியை அடக்க, சேலைத் தலைப்பை வாயில் வைத்ததை நான் கண்டேன். கண்டும் நிறுத்தவில்லை. அடுத்த முறை அழைத்தபோது அவர்கள் மரியாதையாகச் சொன்னார்கள்: "வாறம், ஆனா கேம் வேண்டாம்."

இன்னொரு முறை, எல்லோரும் ஒரே பக்கம் நின்று விளையாடுகிற பண்டெமிக் என்ற விளையாட்டை எடுத்தேன். உலகத்தில் நாலு நோய் பரவுகிறது, ஆட்கள் சேர்ந்து அதைத் தடுக்க வேண்டும். 2008-இல் வந்தது. போட்டி இல்லாததால் ஒருவரும் கோவிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நாலு பேருக்கும் சேர்த்து நானே யோசித்தேன். "நீங்கள் அங்க போங்கோ, நீங்கள் இந்தச் சீட்டைக் குடுங்கோ." உலகத்தைக் காப்பாற்றிவிட்டோம். ஆனால் மற்ற மூன்று பேரும் என் கைப்பிள்ளைகளாக இருந்தார்கள். விளையாட்டுக்காரர் மத்தியில் இந்த வருத்தத்துக்குப் பெயரே இருக்கிறது, ஆல்ஃபா பிளேயர் என்று. அந்தப் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. அது வேறு ஆட்களுக்கு வருகிற வருத்தம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மகன் எழும்பிப் போன பிறகுதான் யோசித்தேன், நான் ஏன் இப்படி என்று.

எங்கள் வீடுகளில் 'சும்மா' என்பது நல்ல சொல் இல்லை. "என்ன, சும்மா இருக்கிறாய்?" என்ற கேள்வியைக் கேட்காமல் நாங்கள் ஒருவரும் வளரவில்லை. நான் சும்மா பாடியதாக நினைவில்லை, சங்கீத வகுப்புக்குப் போனேன். சும்மா ஆடவில்லை, பரதநாட்டியத்தில் தரம் தரமாகப் பரீட்சை எடுத்தேன். நீந்தப் போனாலும் கடற்குதிரைச் சின்னம் வாங்கி நீச்சலுடையில் தைத்தால்தான் அப்பாவுக்கு நிம்மதி. வந்த நாட்டில் பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாது என்ற பயம் அது. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயம் எனக்குள் இறங்கி, நான் தாயாகி, என் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை உருட்டுகிற தாயக்கட்டை வரை வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. என் மகனுக்கும் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, புதன் நீச்சல், வெள்ளி கித்தார். மிச்சம் இருந்த ஞாயிற்றுக்கிழமையையும் நான் ஒரு வகுப்பாக்கிவிட்டேன்.

மகன் அதற்குப் பிறகு மேசைக்கு வரவில்லை. கூப்பிட்டால், "பிறகு, அம்மா" என்பான். மார்கழி முடிந்தது.

அடுத்த தை மாதம் கொக்குவில் மாமா செத்துப்போனார்.

கொக்குவில் மாமா என் சொந்த மாமா இல்லை. அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்தவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் அப்பாவுக்கு எதிர்க் கதிரை அவருடையது. மற்றப் பக்கங்களில் புங்குடுதீவு மாமாவும், எல்லோரும் வாத்தியார் என்று கூப்பிடுகிற ஒருவரும். நாலு பேரும் விளையாடுவது முந்நூற்றி நாலு.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழிலிருந்து ஆசு வரை 32 சீட்டு. ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு வகைக்கு 76, நாலு வகையையும் கூட்டினால் 304. எதிரெதிரே இருக்கிற இருவர் ஒரு சோடி. முதலில் ஆளுக்கு நாலு சீட்டுத்தான் வரும். அதை மட்டும் பார்த்து, எங்கள் சோடி இத்தனை புள்ளி எடுக்கும் என்று கேட்க வேண்டும். 160-இலிருந்து ஏறும். கூடக் கேட்டவர் துரும்பை ஒருவருக்கும் காட்டாமல் கவிழ்த்து வைப்பார். மற்ற நாலு சீட்டு அதற்குப் பிறகுதான்.

சின்ன வயதில் எனக்கு அந்த மேசை பிடிக்கவில்லை. சத்தம், சிகரெட் மணம், கிழிந்த சீட்டு. அம்மா நாலு தரம் தேத்தண்ணி ஊற்றுவா, ரோல்ஸ் பொரிப்பா, கோப்பை கழுவுவா. தோற்ற சோடி காதில் கடுக்கன் போட வேண்டும். ஊரில் இலையைச் சுருட்டிச் செருகுவார்களாம். இங்கே இலைக்கு எங்கே போக? அம்மாவின் உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பைக் காதில் மாட்டிக்கொண்டு இருப்பார்கள். அப்பாவின் கதிரைக்குப் பின்னால் நின்று பார்க்க எனக்கு அனுமதி இருந்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு: முகம் கல்லு மாதிரி இருக்க வேண்டும். அவர் கையில் ஜாக் வந்தால் நான் சிரித்துவிடக் கூடாது. விளையாட மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. பொம்பிளைப் பிள்ளையைக் கேட்கிற மேசை இல்லை அது.

பெரியவளாகி, என் சுவரில் பெட்டிகள் ஏறத் தொடங்கியபோது, அப்பாவின் சீட்டாட்டத்தை நான் விளையாட்டுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வயதுபோன ஆட்கள் சும்மா பொழுதைப் போக்குகிறார்கள் என்பதுதான் என் நினைப்பு. அப்பாவும் என் பெட்டிகளைப் பார்த்து, "இவ்வளவு காசுக்கு மரக்கட்டையும் மட்டையுமோ?" என்று ஒருமுறை கேட்டார். அதோடு சரி.

கொக்குவில் மாமாவின் செத்தவீட்டுக்குப் பிறகு அந்த மேசை நின்றுபோனது. மூன்று மாதம் சீட்டுக்கட்டு இறப்பர் பான்ட் சுற்றியபடி அலுமாரி மேல் கிடந்தது. அப்பா சனிக்கிழமைகளில் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருப்பதாக அம்மா சொன்னா. பங்குனி மாதம் ஒருநாள் அப்பா எனக்கு எடுத்தார். அப்பா எனக்கு எடுப்பதே இல்லை, அம்மா எடுத்து அவரிடம் கொடுப்பதுதான் வழக்கம்.

"சனிக்கிழமை என்ன செய்யிறாய்?"

"ஏன் அப்பா?"

"நாலாவது ஆள் இல்லை."

"மூண்டு பேர் விளையாடேலாதோ?"

"விளையாடலாம்தான். ஆனா அது 304 இல்லை."

போனேன். கொக்குவில் மாமாவின் கதிரையில் இருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. புங்குடுதீவு மாமாதான், "இரு பிள்ளை, கதிரை கடிக்காது" என்றார்.

130 பெட்டி வைத்திருப்பவள், 32 சீட்டுக்குப் பயப்படுவேனா? விதி தெரியும், எண்ணத் தெரியும். முதல் அரை மணி நேரத்திலேயே விளங்கிவிட்டது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று. அவர்கள் சீட்டைப் போடும் வேகம், போடாமல் நிற்கும் நேரம், 170-க்கு மேல் கேட்காமல் விடுவது, எல்லாவற்றுக்கும் ஓர் அர்த்தம் இருந்தது. நாலாவது ஆட்டமோ ஐந்தாவது ஆட்டமோ, அப்பா ஒன்பதைப் போட்டார். அந்த வகை என் கையில் இல்லை. துரும்பு ஏற்கனவே திறந்தாயிற்று. பிடி எங்களுக்கு வேண்டுமே என்று துரும்பால் வெட்டினேன். மேசை அமைதியானது. அந்த வகை ஜாக் இரண்டாவது பிடியிலேயே போய்விட்டது. அப்பாவின் ஒன்பதை வெல்ல அந்த வகையில் ஒரு சீட்டும் மிச்சமில்லை. எங்கள் பிடியை நானே வெட்டி, ஒரு துரும்பை வீணாக்கி, அந்த ஆட்டத்தைத் தோற்கடித்தேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒருவருமே ஒன்றும் சொல்லவில்லை. சீட்டைக் கலைத்துப் போட்டார்கள், அடுத்த ஆட்டம் தொடங்கியது. என் வீட்டு மேசையில் இது நடந்திருந்தால் நான் ஆட்டத்தை நிறுத்தி, எந்தப் பிடியில் எந்தச் சீட்டுப் போனது என்று பத்து நிமிஷம் பாடம் எடுத்திருப்பேன். வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தவர்கூட எனக்குப் பாடம் எடுக்கவில்லை.

கடைசியில் அப்பாவும் நானும் தோற்றோம். அம்மா குசினிச் சுவரில் தொங்கிய பையிலிருந்து கிளிப்பை எடுத்துத் தந்தா. 71 வயது அப்பாவின் இரண்டு காதிலும் நீலக் கிளிப், எனக்குச் சிவப்பு. முப்பது வருஷமாக வேறு ஆட்களின் காதில் பார்த்ததை முதல் தடவையாக மாட்டிக்கொண்டேன். நல்லாக நோகும், அதையும் சொல்ல வேண்டும்.

சப்பாத்துப் போடும்போது புங்குடுதீவு மாமா பக்கத்தில் வந்தார். "ஜாக் ஒண்டு போகப் போக ஒரு விரலை மடிச்சு வை பிள்ளை. நாலு விரல் மடங்கினா பிறகு ஒன்பதுதான் ராசா." அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாடம். அதுவும் ஆட்டம் முடிந்த பிறகு, தனியாக, எனக்கு உடனே விளங்குகிற அளவில்.

கார் ஓட்டிக்கொண்டு வரும்போது இரண்டு விஷயம் மனதில் ஓடியது. இந்த விளையாட்டை யாராவது அழகான பெட்டியில் போட்டு எசனில் விற்றிருந்தால், நான் வரிசையில் நின்று வாங்கி, ஒவ்வொரு சீட்டுக்கும் சட்டை போட்டிருப்பேன். கரும்சாம்பல் காய் ஒட்டியில்லாததால், முப்பது வருஷம் என் வீட்டுக் குசினியில் இருந்த கென்னர்களை நான் கண்டுகொள்ளவில்லை. அது ஒன்று. மற்றது, அன்றைக்கு அந்த மேசையில் சும்மா விளையாட வந்த ஆள் நான். விஷயம் தெரிந்த மூன்று பேருக்கு நடுவில் ஒன்றும் தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று பல வருஷத்துக்குப் பிறகு எனக்குத் தெரியவந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்த அக்காவுக்கும், சீட்டைக் கவிழ்த்த என் மகனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் எனக்கு அடுத்த சனிக்கிழமை திரும்பப் போக வேண்டும்போல் இருந்தது. அவர்களுக்கு அப்படி இருக்கவில்லை. எங்களைப் போன்றவர்களுடைய மேசை நல்ல மேசையா இல்லையா என்பதற்கு இதைவிட வேறு அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அந்த முதியவர்கள் என்னைவிட இளகிய மனம் உள்ளவர்கள் என்று சொல்ல வரவில்லை. 160 கேட்க வேண்டிய கைக்கு 200 கேட்டால் மேசையில் குத்திக் கத்துவார்கள். ஆனால் அவர்களுக்கு நாலாவது ஆள் வேண்டும். ஆள் எழும்பிப் போனால் ஆட்டம் இல்லை. மூழ்கிப்போனவருக்குத் தன் விளையாட்டு எவ்வளவு பெரிதோ, அதே அளவுக்கு எதிரே இருக்கிற ஆளும் பெரிது என்பதை அவர்கள் கணக்காகவே தெரிந்து வைத்திருந்தார்கள். நான் பெட்டிகளைச் சேர்த்தேன். அவர்கள் முப்பது வருஷமாக நாலு ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

மூன்றாவது கிழமை மகனும் கூட வந்தான். கிளிப் போட்ட என் படத்தை அம்மா அவனுக்கு அனுப்பிவிட்டா, அதுதான் காரணம். அம்மப்பாவின் கதிரைக்குப் பின்னால் நின்றான். "முகம் கல்லு மாதிரி இருக்கவேணும்" என்றார் அப்பா, எனக்குச் சொன்ன அதே குரலில். ராசாவுக்கு மூன்றுதான், ஒன்பதுக்கு இருபது என்பது அவனுக்குப் பெரிய சந்தோஷம். எண்ணும்போது ஜேர்மன் முறையில் ஒன்றை முதலில் சொல்லி அறுபதைப் பிறகு சொல்வான். ஜாக், ஒன்பது, ஆசு மூன்றும் ஒரே பிடியில் விழுந்தால், "ஒன்று... அறுபது... அறுபத்தொன்று!" ஒருவரும் திருத்தவில்லை. நாலைந்து கிழமையில் 'அறுபத்தொன்று' நேராக வந்தது. தமிழ்ப் பள்ளியில் எண்களுக்கு அவன் எப்போதும் முகம் சுளிப்பான். இது வகுப்பு இல்லை என்பதால்தான் வந்தது என்று நினைக்கிறேன். அதனால் இதை யாரும் வகுப்பாக்கி விடாதீர்கள் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை வேலைத்தலத்தில் ஏதோ உடைந்துபோய் நான் போக முடியவில்லை. கணவர் மகனை மட்டும் கொண்டுபோய் விட்டார். இரவு வந்ததும் வாசலில் நின்றபடியே சொன்னான்: "அம்மா, அம்மம்மா விளையாடினவ! அவையள்தான் வெண்டது! மாமா ரெண்டு பேருக்கும் கிளிப்!"

உடனே அம்மாவுக்கு எடுத்தேன். "உங்களுக்கு 304 தெரியுமோ?"

"தெரியாது எண்டு ஆர் சொன்னது?" என்றா அம்மா. "முப்பது வருஷம் தேத்தண்ணி ஊத்தேக்க நாலு பேற்ற கையையும் பாத்தனான். ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை."

அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. மூன்று மாதம் சீட்டுக்கட்டு அலுமாரி மேல் கிடந்தபோதும் அப்பாவுக்கு அம்மாவைக் கேட்கத் தோன்றவில்லை, என்னைத்தான் கேட்டார். எனக்கும் தோன்றவில்லை. சும்மா விளையாடுகிறவர் யார், மூழ்கிப்போனவர் யார் என்று நான் போட்டு வைத்திருந்த பட்டியலில் அம்மாவின் பெயர் எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் நானும் அம்மாவும் மாறி மாறி இருக்கிறோம். அவ இருக்கிற நாளில் தேத்தண்ணி ஊற்றுவது வாத்தியார்.

செவ்வாய்க்கிழமை மேசையை நான் விடவில்லை. விடவும் மாட்டேன். ஒன்றில் ஆழமாக இறங்குவதில் ஒரு சுகம் இருக்கிறது. அதைப் பிள்ளைகளும் ஒருநாள் தாங்களாக, தங்களுக்குப் பிடித்த ஒன்றில் கண்டுகொள்ளட்டும். வீட்டு மேசையில் மட்டும் சில வழக்கத்தை மாற்றியிருக்கிறேன். பெட்டியை மகன் தெரிவு செய்வான். விதியை ஐந்து நிமிஷத்துக்கு மேல் விளங்கப்படுத்துவதில்லை, மிச்சம் போகப் போக வரும். அவன் கேட்காமல் நான் வாய் திறப்பதில்லை. இது எனக்குச் சரியான கஷ்டம். கணவர் சிரிக்கிறார், நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து.

போன மாதம் மகன் தானாகக் கட்டான் பெட்டியை இறக்கினான். முதல் வீட்டை எடுத்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கடலோரம் 12-க்குப் பக்கத்தில் வைத்தான். முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டேன். அன்றைக்கு முழுக்க 12 ஒருதரமும் விழவில்லை. கணவர் வென்றார், மகனுக்கு நாலு புள்ளி. செம்மறி மட்டும் ஒன்பது வைத்திருந்தான்.

பெட்டியை மூடப் போனேன். "மூடாதேங்கோ அம்மா" என்றான். "இன்னொருக்கா விளையாடுவம்."